இரண்டாவது வாக்கியத்தை நீக்கலாம்

பென்சிலைக் காதுக்குப் பக்கத்தில் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினாள். சடக். "ஒடிஞ்சுது," என்றாள் கண்ணைத் திறக்காமலே. பிறகு தேநீர்த் தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து அதையும் காதுக்குக் கொண்டுபோனாள். "இது ஒடியல. உடைஞ்சுது." மடியில் விழுந்த தூளை ஒற்றி வாயில் போட்டுக்கொண்டு சீட்டில் ஒரு வரி எழுதினாள். அன்றைக்கு அது மூன்றாவது பென்சில். மணி பதினொன்றுகூட ஆகவில்லை.

ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் பொருள் எழுதும் அகராதி ஆபீஸ் அது. நீளமான ஒரே அறை, ஒன்பது மேசை, சுவர் முழுக்க இழுப்பறை. சொற்களைப் பங்கு போட்டபோது அவள் தலையில் வந்து விழுந்தது ‘பிரேக்’, வண்டியை நிறுத்துவது இல்லை, உடைவது. ஆங்கிலத்தில் ஐந்தே எழுத்து. "மூணு மாசத்துல முடிச்சுடலாம்மா," என்று சொல்லித்தான் பதிப்பாசிரியர் கொடுத்தார். நாலாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது. ஆங்கிலக்காரனுக்கு என்ன? கிளையோ பானையோ கயிறோ, எதற்கும் அந்த ஒரே சொல்லைப் போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போய்விடுவான். தமிழில் அப்படித் தப்பிக்க முடியாது. கிளை என்றால் ஒடிய வேண்டும், பானை உடைய வேண்டும், கயிறு அற வேண்டும். மௌனம் கலையும், பொழுது புலரும், விதியை மீறலாம், குதிரையைப் பழக்கலாம், வேலைக்கு நடுவே விட்டால் இடைவேளை. அவள் இதுவரை பிரித்து வைத்திருந்தது எழுபத்து மூன்று பொருள். ஒவ்வொன்றையும் காதால் கேட்டால்தான் அவளுக்கு நம்பிக்கை.

உடைசலக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவள் வருகிற சத்தம் கேட்டால் பென்சில்கள் பைக்குள் ஓடும். அவள் ஒருநாள் பக்கத்து நாற்காலியின் காலைப் பார்த்த பார்வையில், அதில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து மாலைவரை நின்றுகொண்டே வேலை செய்தார் என்பார்கள். அது கொஞ்சம் கூடுதல். மதியம்வரைதான் நின்றார்.

"என் வீட்டுக்காரரை ஒருநாள் கூட்டிட்டு வரட்டுமாக்கா?" என்று கேட்டாள் தட்டச்சுக்காரி. "ஒடியறாரா உடையறாரான்னு நீங்களே பாத்துச் சொல்லிடுங்க."

"ஆம்பளைங்க ரெண்டும் இல்லடி. நமுத்துப் போவாங்க."

அந்த ஆபீசின் வேலை முறையைச் சொல்லாமல் அவளைச் சொல்ல முடியாது. ஒரு பொருளுக்கு ஒரு சீட்டு, கையகலம். மேலே ஆங்கிலம், நடுவில் தமிழ், கீழே ஓர் உதாரண வாக்கியம். உதாரணத்தை அவரவரே யோசித்து எழுத வேண்டும். இடது மூலையில் எழுதியவர் நீல மசியில் கையெழுத்துப் போட்டு மரத்தட்டில் வைத்தால், தட்டச்சுக்காரி அதை இன்னொரு மேசைக்குக் கொண்டுபோவாள். அங்கே மறுபார்வைக்காரர் பச்சை மசியில் திருத்தி அனுப்புவார். இருவரும் ஒத்துப்போய் வலது மூலையில் இரண்டாவது கையெழுத்து விழுந்தால்தான் சீட்டு இழுப்பறைக்குள் போகும். சீட்டைப் பற்றி வாயால் பேசக் கூடாது. எதையும் சீட்டிலேயே எழுத வேண்டும், நாளைக்கு ஆதாரம் வேண்டுமே. இது முதல் விதி. மொத்தம் இருபத்திரண்டு விதி.

அவளுடைய மறுபார்வைக்காரன் அவளுடைய சொந்த அண்ணன். அவள் மேசைக்கும் அவன் மேசைக்கும் நடுவே பதினோரு அடி. "ஒரே ரத்தம், ஒத்துப்போகும்," என்று நினைத்துப் பதிப்பாசிரியர் இருவரையும் சேர்த்துப் போட்டார். அவர்கள் பேச்சை நிறுத்தி அப்போதே மூன்று வருஷம் ஆகியிருந்தது. முதல் விதி அவர்களுக்காகவே எழுதினது போல் அமைந்துபோயிற்று.

சண்டை அம்மாவைப் பற்றி. அப்பா போனபின் ஆறு மாதம் அண்ணன் வீடு, ஆறு மாதம் தங்கை வீடு என்று பேச்சு. முதல் ஆறு மாதம் முடிந்து அவள் கூப்பிடப் போனாள். அண்ணன் வாசலிலேயே நிறுத்தி, "உன் வீடு மூணாவது மாடி. அம்மாவால ஏற முடியாது. இங்கயே இருக்கட்டும்," என்றான். "அது ஆறு மாசம் முன்னாடி தெரியலியா?" என்று ஆரம்பித்தது எங்கேயோ போய், "இனிமே இந்த வாசல்ல கால் வெச்சா நான் எங்கப்பாவுக்குப் பொறந்தவ இல்ல," என்பதில் முடிந்தது. சொன்னவள் அவள்.

முதல் இரண்டு வருஷம் அம்மா தடியூன்றி அண்ணன் வீட்டுக்கு எதிரே இருந்த பூங்காவுக்கு வருவாள். பெஞ்சில் மணிக்கணக்காக உட்கார்ந்து இருவரும் மருமகளின் கதையைப் பேசுவார்கள். பிறகு முழங்கால் மறுத்துவிட்டது. போனில் பேசலாம் என்றால் காது மந்தம், "யாரு? யாரு?" என்று அம்மா கத்துவாள், அண்ணி வாங்கி, "யாருமில்ல அத்தை, ராங் நம்பர்," என்று வைத்துவிடுவாள்.

"பேசாமப் போயிப் பாத்துட்டு வாங்களேன்க்கா," என்பாள் தட்டச்சுக்காரி.

"அம்மா கூப்பிடுறா, வான்னு அவன் சொல்லட்டும். ஒரு வார்த்தை. அடுத்த நிமிஷம் செருப்பைக்கூட மாட்டாமப் போறேன்."

"அவர் சொல்லணும்னா வாயைத் திறக்கணுமே."

அவன் வாயைத் திறக்கவில்லை. இவளும் திறக்கவில்லை. ஆனால் உதாரண வாக்கியம் என்று ஒன்று இருந்ததே! ‘வாக்குத் தவறுதல்’ என்ற சீட்டில் அவள் எழுதினாள்: ‘அண்ணன் கொடுத்த வாக்கை ஆறே மாதத்தில் மீறினான்.’ பச்சை மசியில் பதில் வந்தது: ‘அண்ணன்’ தேவையில்லை, ‘அவன்’ போதும். ‘ஆறே மாதத்தில்’ பொருளுக்கு உதவவில்லை. அவள் கீழே எழுதினாள்: ஆள் யாரென்று தெரியாவிட்டால் பொருள் விளங்காது. அந்தச் சீட்டு பதினான்கு தடவை போய் வந்தது. வெள்ளை இடமே இல்லாமல் பின்பக்கம் ஒரு தாளை ஒட்டி எழுதினார்கள். கடைசியில் பதிப்பாசிரியர் சிவப்பு மசியில் குறுக்கே எழுதினார்: இருவரும் நிறுத்தவும்.

அவனும் சும்மா இருந்தவனில்லை. ‘பழக்கத்தை விடுதல்’ என்ற சீட்டு திரும்பி வந்தபோது, அவள் எழுதிய புகைபிடிப்பவர் போய், ‘தங்கை பிடிவாதம் பிடிக்கும் பழக்கத்தை இன்னும் விடவில்லை’ என்று நின்றது. ‘உறவு அறுந்தது’ என்று அவள் எழுதியதற்குப் பக்கத்தில் ஒருமுறை பச்சையில் வந்தது: ‘முறிந்தது’ எனலாமே, முறிந்தது கூடும். அன்றைக்கு அவள் வெகுநேரம் பேனாவை மூடி மூடித் திறந்தாள். பிறகு எழுதினாள்: அறுந்ததையும் முடிச்சுப் போடலாம். முடிச்சு உறுத்தும். அதற்கு அவன் பதில் எழுதாமல் கையெழுத்துப் போட்டான். ஆபீசில் மற்றவர்களுக்கு இது பொழுதுபோக்கு. சீட்டு போகிற வேகத்தை வைத்தே இன்றைக்கு யார் கை ஓங்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள்.

முப்பத்தொன்றாம் சீட்டில்தான் அவள் அகப்பட்டுக்கொண்டாள். காய்ச்சல் இறங்குவதற்கும் ஆங்கிலத்தில் அதே சொல். ‘குழந்தைக்குக் காய்ச்சல் விட்டது,’ என்று எழுதி அனுப்பினாள். ‘மூன்று நாளுக்குப் பின் அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டது,’ என்று திரும்பி வந்தது.

மூன்று நாளா? காய்ச்சல் வந்ததே தெரியாதே! மதியம் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு, அந்தத் தெரு முனை வரைக்கும் போய்விட்டாள். வாசலில் கால் வைக்காமல் யாரிடமாவது கொடுத்தனுப்பலாம் என்று எண்ணம். நிமிர்ந்து பார்த்தால் வாசல் முற்றத்தில் அம்மா குத்துக்கல் மாதிரி உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அண்ணி எட்டிப் பார்த்தாள்.

"யாரது, ஆரஞ்சு விக்கிறவங்களா? உள்ள வாங்க, வெலை கேப்போம்!"

அம்மாவுக்கு அது காதில் விழவில்லை. சீப்பில் வந்த முடியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். இவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்த வழியே நடந்தாள். மறுநாள் ஒன்பதாம் விதியை எடுத்துப் பார்த்தாள்: ஒரே சொல்லுக்கான சீட்டுகளில் ஒரே ஆள் இருமுறை வரக் கூடாது. குழந்தை ஏற்கெனவே பன்னிரண்டாம் சீட்டில் பொம்மையை உடைத்திருந்தது. அதனால்தான் குழந்தையை எடுத்துவிட்டு அம்மாவைப் போட்டிருக்கிறான். விதிப்படி. அவ்வளவுதான்.

"உதாரணத்தைப் படிச்சிட்டு ஓடினேன் பாரு, என்னைச் செருப்பால அடிக்கணும்," என்றாள் தட்டச்சுக்காரியிடம். அதற்குப் பிறகு எந்தச் சீட்டைப் படித்தும் அவள் முகம் மாறவில்லை. ஆரஞ்சு மூன்று நாள் மேசை மேல் கிடந்தது. யாரும் கேட்கவில்லை, அவளும் கொடுக்கவில்லை.

அறுபத்தெட்டாவது சீட்டு எலும்பு. எலும்பு முறியும், அதில் யாருக்கும் சந்தேகம் இருக்க முடியாது. ‘வழுக்கி விழுந்ததில் கால் முறிந்தது,’ என்று எழுதித் தட்டில் வைத்தாள். பேருக்குத் திரும்பி வரும், கையெழுத்தோடு வரும் என்று நினைத்திருந்தாள். திங்கட்கிழமை வந்தது. அவள் வரியை முழுக்க அடித்துவிட்டுப் பச்சையில் எழுதியிருந்தது:

‘அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது. உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறாள்.’

அவள் படித்தாள். எல்லாச் சீட்டையும் படிப்பது போலத்தான் படித்தாள். உதட்டின் ஓரம் லேசாகக் கோணிற்று. இன்னொரு தடவை ஆரஞ்சு வாங்க வைக்கப் பார்க்கிறான். நீலப் பேனாவை எடுத்தாள். விதி 9: ‘அம்மா’ 31-ஆம் சீட்டில் வந்துவிட்டாள், ‘பாட்டி’ எனலாம். விதி 14: உதாரணத்தில் ‘நீ’, ‘உன்னை’ கூடாது. இரண்டாவது வாக்கியத்தை நீக்கலாம். கையெழுத்துத் திருத்தமாக விழுந்தது. தட்டில் வைத்துவிட்டு அடுத்த சீட்டை எடுத்தாள்.

மாலைக்குள் அது திரும்பி வந்தது. இரண்டாவது வாக்கியத்தின் மேல் பச்சைக் கோடு, அளவுகோல் வைத்துப் போட்ட மாதிரி நேராக. ஓரத்தில் ஒரு குறிப்பு: அம்மா என்றே இருக்கட்டும். அதன் கீழ் கையெழுத்து.

"பாத்தியா," என்று தட்டச்சுக்காரியிடம் காட்டினாள். "ஊருக்கெல்லாம் விதி. அவனுக்கு மட்டும் கெடையாது." போனால் போகிறது என்று விட்டுக்கொடுத்தாள். தட்டச்சுக்காரி அதை மற்ற சீட்டுகளோடு தட்டச்சு செய்து இழுப்பறையில் போட்டாள். அவளுக்கும் அது உதாரணம்தான்.

அந்த நாட்களில் அண்ணன் ஒருநாள் வரவில்லை. சளி என்று எழுதியிருந்தான். இரண்டு நாள் மதியமே போனான். வீட்டுச் சங்கதியை ஆபீசுக்குக் கொண்டுவருகிறவன் இல்லை அவன். பச்சை மசியில் மட்டும் கொஞ்சம் தாராளம் தெரிந்தது; சீட்டுகள் திருத்தமே இல்லாமல் கையெழுத்தோடு வந்தன. இவள் அதை வெற்றி என்று எடுத்துக்கொண்டாள். எழுபத்து மூன்றும் முடிந்த அன்று எல்லோருக்கும் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தாள்.

மறுநாள் காலை பதிப்பாசிரியர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார். சொற்களிலேயே முப்பது வருஷம் குப்பை கொட்டியவருக்கு ஒரு சொல் கிடைக்கவில்லை. "உங்க அண்ணன் போன் பண்ணினார்மா," என்றார். "அம்மா..."

அவள் செருப்பை மாட்டாமல்தான் போனாள்.

ஏழு வருஷத்துக்குப் பிறகு அந்த வாசலில் கால் வைத்தாள். அம்மா முன்னறையில் கிடத்தப்பட்டிருந்தாள். பாதி ஆளாக இருந்தாள். அண்ணி சுவரில் சாய்ந்து நின்றாள்.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? பத்தொம்பது நாள் அத்தை வாசக் கதவையே பாத்துக்கிட்டுக் கெடந்தாங்க. யாரு வந்தாலும் அவளா, அவளான்னு."

"எனக்கு யாரு சொன்னா?"

"உங்க அண்ணன்தான் எழுதிக் குடுத்தாரே. நீங்க வேண்டாம்னு வெட்டி அனுப்பிட்டீங்களாமே."

அவளுக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் மெல்ல, பச்சை எழுத்தில், ஒவ்வொரு சொல்லாக வந்தது. அண்ணன் அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தான். ஏழு வருஷத்தில் அவளிடம் அவன் பேசிய முதல் பேச்சு இது:

"படிச்சியா இல்லியா?"

"படிச்சேன்."

"படிச்சுட்டுத்தானே வெட்டச் சொன்ன?"

"உதாரணம்னு நெனச்சேன்."

"அம்மாவை வெச்சு யாராவது உதாரணம் எழுதுவாங்களா?"

"எழுதுனியே. காச்சல் விட்டுதுன்னு எழுதுனியே."

அவன் அம்மாவின் காலை மூடியிருந்த துணியை இழுத்துவிட்டான்.

"பதினோரு அடிண்ணே," என்றாள் அவள். குரல் உயரவில்லை, சீட்டில் திருத்தம் சொல்வது போலிருந்தது. "எந்திரிச்சு வந்து சொல்லக் கூடாதா?"

"நீ எந்திரிச்சு வந்து கேட்டிருக்கக் கூடாதா?"

அம்மாவுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக மாலைவரை உட்கார்ந்திருந்தார்கள். வந்தவர்கள் அண்ணன் தங்கை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டு போனார்கள்.

மூன்று மாதம் கழித்து அச்சகத்திலிருந்து திருத்தத் தாள் வந்தது. ‘பிரேக்’ ஒன்றரைப் பக்கம். நடுவில் பொடி எழுத்தில் அந்த வரி: அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது. ஒரு வாக்கியம். முற்றுப்புள்ளி. பதிப்பாசிரியர் தாளை அவள் முன் வைத்துவிட்டுத் தயங்கினார்.

"ரெண்டு கையெழுத்து விழுந்தாச்சு, நீங்க தொட முடியாது. நான் தொடலாம். எடுத்துடட்டுமாம்மா?"

"எதுக்கு?" என்றாள். "வாக்கியத்துல ஒண்ணும் தப்பு இல்லியே."

மறுபார்வைக்கு வேறு ஆளைப் போடட்டுமா என்றும் அவர் தனித்தனியாகக் கேட்டார். வேண்டாம் என்று ஒருவர் நீலத்திலும் ஒருவர் பச்சையிலும் எழுதிக் கொடுத்தார்கள். அவளுக்கு இப்போது வேறு சொல்: ‘பிரிங்’. கொண்டுவருதல். இதுவும் ஐந்தே எழுத்து, இதுவும் மூன்று மாதம் என்றுதான் கொடுத்திருக்கிறார்கள். அவளுடைய உதாரணங்களில் இப்போது அண்ணன் இல்லை, அம்மா இல்லை, அக்கம்பக்கத்து ஆள்கூட இல்லை. லாரி மணலைக் கொண்டுவருகிறது, காற்று தூசியைக் கொண்டுவருகிறது, குழாய் தண்ணீரைக் கொண்டுவருகிறது. ஆள் வந்தே தீர வேண்டுமென்றால் ஒரு தபால்காரர்.

ஆனால் முதல் விதியை அவள் விட்டுவிட்டாள். பச்சை மசியோடு வந்த சீட்டு எதுவானாலும் படித்ததும் எழுந்துவிடுகிறாள். அந்தப் பதினோரு அடியையும் நடந்து, அண்ணன் மேசை முன் நின்று, சீட்டை அவன் முகத்துக்கு நேரே பிடிக்கிறாள். அறையில் தட்டச்சு நின்றுபோகிறது.

"இது உதாரணமா, சேதியா?"

"உதாரணம்," என்கிறான் அவன், தலை நிமிராமல். அதற்கு மேல் இருவருக்கும் ஒரு சொல் கிடையாது. அங்கேயே குனிந்து, அவன் மேசை விளிம்பில் வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பி நடப்பாள். ஒரு நாளைக்கு ஆறு தடவை, ஏழு தடவை. முதல் வாரம் எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாவது வாரம் யாரும் சிரிக்கவில்லை.

போன வியாழக்கிழமை வந்த சீட்டில் காற்றையும் தூசியையும் அடித்துவிட்டு அவன் எழுதியிருந்தான்: ‘மேகம் மழையைக் கொண்டுவந்தது.’ அவள் போய் நின்றாள். கேட்டாள். அவன் பச்சைப் பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டே, "உதாரணம்," என்றான்.

அவள் கையெழுத்துப் போடவில்லை. சீட்டோடு ஜன்னலுக்குப் போனாள். கொக்கியை நீக்கி, முழங்கைவரை கையை வெளியே நீட்டி, உள்ளங்கையை மேலே காட்டி, வெயிலில் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.